ஓவன் இல்லாத வீட்டில் ஒரு மாம்பழ கேக்

கோவை, திருப்பூர் பக்கம் முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். "வாங்க, பேக்கரிக்குப் போலாம்" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் எல்லோரும் நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆமாம், கொங்கு நாட்டில் பேக்கரி என்றால் டீக்கடைதான். கண்ணாடி அலமாரிக்குள் தேங்காய் பன், பப்ஸ், சிவப்பு ஜாம் தடவி மேலே தேங்காய்த்துருவல் தூவிய ஹனி கேக் எல்லாம் இருக்கும். டீ சொன்னவர்கள் கையோடு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். பனியன் கம்பெனி ஷிப்ட் ஆட்களுக்குப் பல நாட்கள் காலை டிபனே அதுதான்.

இவ்வளவு கேக் தின்கிற ஊரில் அந்தக் கேக்கில் பழம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஃப்ரூட் கேக்கில் சிவப்பும் பச்சையுமாகக் கண் சிமிட்டுகிறதே, அது என்ன என்கிறீர்களா? டூட்டி ஃப்ரூட்டி. பெரும்பாலும் பப்பாளிக்காயைச் சின்னச் சின்னதாக நறுக்கி, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றியது. பழம்கூட இல்லை, காய்! சின்ன வயதில் அதைத் தனியாகப் பொறுக்கித் தின்ற எல்லோருக்கும் இந்த உண்மை கொஞ்சம் வலிக்கும். :-)

பழத்தில் இனிப்பு செய்வது கொங்குப் பக்கத்துக்குப் புதிது இல்லை. பக்கத்துப் பழனியில் பஞ்சாமிர்தம் இருக்கிறதே. விருப்பாச்சி மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் சேர்த்துப் பிசைவது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, அடுப்பும் கிடையாது. 2019ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் மாவும் பழமும் சேர்த்துச் சுடுவது என்பது நம் வீடுகளில் பழகாத வேலை. காரணம் சுலபம். நம் அடுப்பில் தீ கீழேதான் இருக்கிறது. வேகவைக்கலாம், பொரிக்கலாம், தாளிக்கலாம். நாலு பக்கமும் சூடு சூழ்ந்து சுடுவதற்கு ஒரு பெட்டி வேண்டும்.

அந்தப் பெட்டி இல்லாத ஊர்கள் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தன. பிலிப்பைன்ஸில் பிபிங்கா என்று ஒரு அரிசி மாவு கேக் உண்டு. வாழை இலை போட்ட மண்சட்டியில் மாவை ஊற்றி, கீழே ஒரு தணல், மூடிக்கு மேலே ஒரு தணல் வைத்துச் சுடுவார்கள். நம்மூரிலும் பழைய கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு இதே மாதிரி மூடி மேல் தணல் அள்ளிப்போட்டுக் கேக் செய்த கதையைப் பாட்டிகள் சொல்வார்கள்.

நம் பக்கத்து மாநிலத்தில் இதைவிடச் சுவையான கதை இருக்கிறது. தலசேரியில் மம்பள்ளி பாபு என்பவர் பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுக்கொண்டு வந்து 1880ல் ராயல் பிஸ்கட் ஃபாக்டரி ஆரம்பித்தார். 1883 கிறிஸ்துமஸ் சமயத்தில் அஞ்சரக்கண்டி தோட்ட முதலாளி மர்டாக் பிரவுன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பிளம் கேக்கைக் கொண்டுவந்து காட்டி, இதே மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார். பிரெஞ்சு பிராந்தி ஊற்றச் சொன்னாராம். பாபுவோ முந்திரிப்பழத்திலும் கதலிப்பழத்திலும் ஊறவைத்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார் என்பது அந்தக் குடும்பம் இன்றும் சொல்கிற கதை. இந்தியாவின் முதல் கேக் அதுதான் என்கிறார்கள். முதலா, மூன்றாவதா என்பது இருக்கட்டும். வெளிநாட்டுப் பண்டத்தைப் பார்த்தவுடன் "இதற்கு நம்ம பழம் எது?" என்று யோசித்த அந்த மூளை இருக்கிறதே, அதுதான் பெரிசு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

திருப்பூர் மாவட்டத்தின் தெற்குக் கோடியில், உடுமலையில் இருந்து சுமார் 25 கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் இருக்கிறது அமராவதி நகர். 1950களில் கட்டிய அணை, 1962ல் வந்த சைனிக் பள்ளி, முதலைப் பண்ணை இவ்வளவும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அணைக்கு வருகிறவர்கள் மீன் வறுவல் சாப்பிட்டு, முதலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்குத் தெரியாதது, விடியற்காலை இருட்டில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வந்து நிற்கிற கம்பெனி வேன். பெண்களை ஏற்றிக்கொண்டு பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் போகும். ஒண்ணரை ஷிப்ட் என்றால் திரும்பி வர ராத்திரி ஆகிவிடும். ஓவர்லாக், பிளாட்லாக், கை மடிப்பது, பிசிர் வெட்டுவது, செக்கிங் என்று இந்த வார்த்தைகள் எல்லாம் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும்.

அப்படி ஒரு வீடு. அம்மா செக்கிங் டேபிளில் நிற்கிறவர். வீட்டில் அம்மாயி, அப்புறம் ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த ஒரு பெண். 2023 மே 8ஆம் தேதி ரிசல்ட் வந்தது. நல்ல மார்க்தான். ஆனால் ரிசல்ட்டுக்கு முன்னாடியே அந்த வீட்டில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. லீவில் சும்மாதானே இருக்கிறாள், அம்மாவோடு வேனில் ஏறினால் ஹெல்ப்பர் சம்பளம் வருமே என்று. இந்த "லீவுக்கு மட்டும்" என்பது திருப்பூர்ப் பக்கம் எவ்வளவு பெரிய வார்த்தை என்று அந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். மே மாதம் லீவுக்கு மட்டும் என்று போனவர்கள், ஜூன் மாதம் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கையில் வாங்கிய ருசியில், அப்படியே நின்றுவிடுவார்கள். யாரும் துரத்துவதில்லை, யாரும் தடுப்பதும் இல்லை. படிப்பு பாட்டுக்கு நின்றுபோகும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு. பேச வேண்டியதைப் பேச அதுதான் ஒரே நாள். அன்றைக்கு அந்தப் பெண் மாம்பழ கேக் செய்வது என்று முடிவு செய்தாள். (அன்று அன்னையர் தினம் என்பது அம்மாவுக்கும் தெரியாது, அம்மாயிக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் பெரிதாக நடந்திருக்காது.)

அவள் தேர்ந்தெடுத்தது தலைகீழ் கேக். பாத்திரத்தின் அடியில் சர்க்கரையும் பழத்துண்டும் அடுக்கி, மேலே மாவை ஊற்றிச் சுட்டு, கடைசியில் கவிழ்த்துவது. அமெரிக்காவில் அன்னாசி டப்பா விற்க ஹவாயன் பைனாப்பிள் கம்பெனி 1925ல் ஒரு சமையல் போட்டி வைத்தது. வந்து குவிந்த குறிப்புகளில் ஆயிரக்கணக்கானவை இந்தத் தலைகீழ் கேக்தான் என்பார்கள். அங்கே அன்னாசி, இங்கே மே மாதம், ஆகவே மாம்பழம்.

எந்த மாம்பழம் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். மல்கோவாவையும் இமாம்பசந்தையும் அடுப்பில் வைப்பது பாவம். அந்த வாசனை சூட்டில் பாதி ஓடிப்போகும், சாறு வழிந்து கேக் அடியில் கூழாகும். அவற்றைத் தோலைச் சீவி அப்படியே தின்பதுதான் மரியாதை. சுடுவதற்கு பங்கனபள்ளி நல்லது. நார் இல்லை, துண்டு துண்டாக நிற்கும். கிளிமூக்கு இன்னும் கெட்டி, லேசான புளிப்பும் உண்டு. அந்தப் புளிப்பு சர்க்கரையோடு சேரும்போது தனி ருசி. நன்றாகப் பழுத்து அமுங்குகிற பழம் வேண்டாம். விரலால் அழுத்தினால் கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும்.

இன்னொன்று. மே மாதத் தொடக்கத்தில் சந்தைக்கு வருகிற, ஒரே மாதிரி மஞ்சளாகப் பளபளக்கிற பழத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கலாம் என்பதுதான் காரணம். எத்திலீன் வாயுவை அளவோடு, 100 பிபிஎம் வரை, விட்டுப் பழுக்கவைக்க அனுமதி உண்டு. பழமே தனக்குள் உண்டாக்கிக்கொள்கிற வாயுதான் அது. கல் வைத்த பழம் வெளியே மஞ்சளாகவும் உள்ளே வெள்ளையாகவும், வாசமே இல்லாமலும் இருக்கும். காம்புப் பக்கம் முகர்ந்து பார்ப்பதுதான் அம்மாயிகள் காலத்துச் சோதனை. அந்த வீட்டு அம்மாயியும் அதைத்தான் செய்தார். நாலு பழத்தில் ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டு, "இது வேண்டாஞ்சாமி, வாசமே இல்ல" என்றார்.

ஓவனுக்கு எங்கே போவது? சின்ன ஓடிஜி கூட ஆயிரக்கணக்கில் விலை. கரண்டு ஒன்றும் பெரிய செலவில்லை. 1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட்தான். வருஷத்துக்கு நாலு தரம் பயன்படப் போகிற பெட்டியை வாங்குவதுதான் அந்த வீட்டுக்கு ஆகாது. ஆகவே குக்கர்.

குக்கரில் கேக் செய்வதை எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அடியில் ஒரு இஞ்சு உயரத்துக்குக் கல்லுப்பு அல்லது மணல் கொட்ட வேண்டும். இது தீயின் சூட்டை வாங்கி, பரவலாக, மெதுவாக மேலே விடும். அதன் மேல் ஒரு ஸ்டாண்டு, ஸ்டாண்டு மேல் கேக் பாத்திரம். உள்ளே இருக்கிற காற்று சூடாகிப் பாத்திரத்தைச் சுற்றி வரும். ஓவனும் அதைத்தான் செய்கிறது. தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் அது கேக் இல்லை, இட்லி. ரப்பர் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். காய்ந்த சூட்டில் ரப்பர் பாழாகும், வெயிட் இருந்தால் வீணாக அழுத்தம் சேரும். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் கனமான மூடி போட்ட பானை, அவ்வளவுதான். குக்கரை இப்படித் தண்ணீர் இல்லாமல் காயவைக்காதீர்கள் என்றுதான் கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். அதனால் தினமும் சோறு வைக்கிற நல்ல குக்கரை எடுக்காமல், மூலையில் கிடக்கிற பழைய குக்கரையோ கனமான அலுமினியப் பானையையோ எடுப்பது புத்திசாலித்தனம். அந்த வீட்டில் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்த ஒரு ஐந்து லிட்டர் குக்கர் இருந்தது.

"ஏங்கண்ணு, குக்கர்ல இத்தன உப்பக் கொட்டி வெச்சிருக்கறே? யாருக்குச் சுத்திப் போடப் போறே?"

"கேக்கு செய்யறனுங்க அம்மாயி."

"உப்புலயா?"

அளவு சொல்லிவிடலாம். ஏழு இஞ்சு அகலப் பாத்திரத்துக்கு மைதா ஒன்றரை கப், சர்க்கரை முக்கால் கப், கெட்டித் தயிர் ஒரு கப், வாசனை இல்லாத எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் ஸ்பூன், சமையல் சோடா அரை ஸ்பூன், ஏலக்காய்ப் பொடி கொஞ்சம். கடலை எண்ணெய் வேண்டாம், கேக் முழுக்க வடை வாசம் வரும். அம்மாயி முட்டை சேர்ப்பதில்லை, அதனால் முட்டை இல்லை. அந்த வேலையைத் தயிரும் சோடாவும் செய்யும். தயிரில் சர்க்கரையைக் கரைத்து, சோடாவும் பேக்கிங் பவுடரும் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்துப் பொங்கும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயு விடுகிறது. பத்தாம் வகுப்பு அறிவியல்தான்! பொங்கவில்லை என்றால் சோடா பழசு என்று அர்த்தம். அப்போதே நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓடினால் மைதாவாவது மிஞ்சும். பொங்கியதும் எண்ணெய் ஊற்றி, சலித்த மைதாவைப் போட்டு, கட்டி இல்லாமல் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி போட்டு அடித்தால் மைதா ஜவ்வாக இழுக்க ஆரம்பித்துவிடும், கேக் ரப்பராகும்.

இதெல்லாம் கலப்பதற்கு முன்னாலேயே குக்கர் மூடியோடு பத்து நிமிடம் காய்ந்திருக்க வேண்டும், பாத்திரத்தின் அடியும் தயாராக இருக்க வேண்டும். நெய் இரண்டு ஸ்பூன் தடவி, பட்டர் பேப்பர் போட்டு, அதன்மேல் நாட்டுச் சர்க்கரை நாலு ஸ்பூன் தூவி, மாம்பழத் துண்டுகளை நெருக்கமாக அடுக்க வேண்டும். துண்டுகளை முதலில் ஒரு துணியில் ஒற்றி எடுப்பது முக்கியம். மாம்பழத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அமராவதிப் பாசனத்தில் கரும்பு விளைகிற ஊர், அதனால் நல்ல நாட்டுச் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. வெள்ளைச் சர்க்கரையைவிட இது சீக்கிரம் கருகும், அதனால்தான் தீ சின்னதாக இருக்க வேண்டும்.

குக்கர் கேக்கின் ஒரு பெரிய குறை, மேல்பக்கம் சிவக்காது. சூடு கீழிருந்து வருவதால் மேலே வெளுத்து, நோயாளி மாதிரி இருக்கும். ஆனால் தலைகீழ் கேக்கில் அந்த வெளுத்த பக்கம்தான் கடைசியில் தட்டில் அடிப்பக்கமாகப் போய் ஒளிந்துகொள்கிறது! கீழே சூட்டில் சர்க்கரைப் பாகோடு சிவந்த பழப்பக்கம் மேலே வந்துவிடுகிறது. ஓவன் இல்லாத வீட்டுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த கேக் மாதிரி இருக்கிறது.

சின்னத் தீயில் ஐம்பது நிமிடம். சில குக்கரில் ஒரு மணி நேரம். இந்த நேரம்தான் கஷ்டம். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் சூடு போய் நடுப்பகுதி அமுங்கும். அடுப்பு ஒன்று இதற்கே போய்விடும், மதியச் சோறு இன்னொரு அடுப்பில். மே மாதம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே ஒரு மணி நேரம் எரிகிற அடுப்பு. அந்தச் சமையலறையில் நிற்பதே ஒரு ஷிப்டுதான்.

அம்மா அன்று பத்து மணிக்கு எழுந்தார். ஆறு நாள் நின்ற கால். திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, வீடெல்லாம் வருகிற வாசனை என்ன என்று கேட்டார். சர்க்கரையும் நெய்யும் மாம்பழமும் சூடாகும்போது வருகிற வாசனை, அல்வா வாசனைக்கும் பேக்கரி வாசனைக்கும் நடுவில் இருக்கும்.

அந்த ஐம்பது நிமிடத்தில்தான் பேச வேண்டியது நடந்தது. உடுமலை அரசு கலைக் கல்லூரிக்கு ஆன்லைனில் அப்ளிகேஷன் போட வேண்டும், இ-சேவை மையத்தில் போட்டுவிடலாம் என்றாள் பெண். பஸ் செலவு, புத்தகம், துணிமணி என்று அம்மா விரலை மடக்கினார். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்திருந்தது. அவள் படித்தது முழுக்க அரசுப் பள்ளி. அந்தக் கணக்கையும் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். துணியில் ஓட்டை, கறை, நூல் பிசிறு எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்குகிற கண். கணக்கிலும் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். "பஸ்சுக்கு ஒரு மாசம் இருவத்தஞ்சு நாள்னு போட்டிருக்கற. காலேஜ் அத்தன நாளா இருக்கும்?"

அவள் அதை அடித்துவிட்டு இருபது என்று எழுதினாள். மொத்தம் குறைந்தது.

"கடன் ஒண்ணு பாக்கி இருக்குது, தெரியுமில்ல?"

"தெரியுங்ம்மா."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. அம்மாயி உள்ளிருந்து, "அடுப்பப் பாரு அம்மிணி" என்றார்.

வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு விளக்குமாற்றுக் குச்சி போதும் (புதியது, கழுவியது!). நடுவில் குத்தி எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது. பழம் வரைக்கும் குத்திவிட்டால் எப்போதுமே ஈரமாகத்தான் வரும், பாதி ஆழம் போதும். தீயை அணைத்து, பாத்திரத்தை வெளியே எடுத்து, சரியாகப் பத்து நிமிடம். உடனே கவிழ்த்தால் உடையும். முழுக்க ஆறவிட்டால் பாகு இறுகிப் பழம் பாத்திரத்திலேயே தங்கிவிடும். ஓரத்தில் கத்தியை ஒரு சுற்று விட்டு, மேலே தட்டை மூடி, இரண்டு கையாலும் பிடித்து ஒரே திருப்பு.

முக்கால்வாசி அழகாக வந்தது. ஒரு ஓரத்தில் சர்க்கரை கருகி, இரண்டு துண்டு பேப்பரோடு போய்விட்டது. ஸ்டாண்டு உயரம் போதவில்லை. அம்மாயி அந்தக் கருகின துண்டைப் பேப்பரிலிருந்து சுரண்டித் தின்றுவிட்டு, இதுதான் நல்லா இருக்குது என்றார். உண்மையாகவே அது நன்றாகத்தான் இருக்கும். லேசான கசப்பு மாம்பழத்துக்குப் பொருந்தும்.

கடைக் கேக் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு இந்தக் கேக் முதலில் கனமாகத் தெரியும். பஞ்சு மாதிரி இருக்காது. கடைக் கேக்கை அப்படிப் பஞ்சாக்க ஜெல் என்று ஒன்று சேர்க்கிறார்கள். வீட்டில் அது கிடையாது. தயிர் போட்ட கேக் கொஞ்சம் ஈரமாக, அழுத்தமாகத்தான் இருக்கும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், பழச்சாறு உள்ளே இறங்கியிருக்கும். ஆனால் மே மாத வெயிலில் வெளியே ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஈரப் பழம் இருக்கிற பண்டம், புளித்துவிடும். பிரிட்ஜ் இருந்தால் மூன்று நாள்.

அந்த வீட்டில் பிரிட்ஜ் இல்லை. திங்கட்கிழமை விடிகாலை, சாப்பாட்டு டப்பாவுக்கு மேலே இன்னொரு சின்ன டப்பாவில் ஆறு துண்டு போனது. செக்கிங் டேபிளில் மொத்தம் ஆறு பேர். வேனில் ஏறும்போது அம்மா திரும்பி, "அந்த இ-சேவைக்காரன் எத்தன மணிக்குத் தொறப்பான்?" என்றார்.

"பத்து மணிக்குங்ம்மா."

"ஆதார் கார்டு, மார்க் ஷீட்டு எல்லாம் எடுத்துக்க. காசு அரிசி டப்பாக்குள்ள இருக்குது."